உளி பிடித்த கை

கைகளுக்கும் சாதி உண்டென்று நாம் சொன்னால் அன்பர்கள் சிரிக்கக்கூடும். ஆயினும், உலக வழக்கைச் சற்று உற்று நோக்குவார்க்கு இதன் உண்மை விளங்காமற் போகாது. எழுதுகின்ற கை உயர்ந்தது என்கிறோம். மண் அள்ளுகின்ற கை தாழ்ந்தது என்கிறோம். திரைச்சீலையில் வண்ணம் தீட்டும் கையைக் கலைக்கை என்று போற்றுகிறோம்; சுவரில் சுண்ணாம்பு பூசும் கையைக் கூலிக்கை என்று தள்ளுகிறோம். இரண்டிலும் விரல்கள் ஐந்தே. இரண்டிலும் ஓடுவது ஒரே நிறக் குருதியே. இருந்தும் இப்பிரிவினை நம் மனத்தில் ஆழ வேரூன்றி நிற்கிறது. அதன் ஆழத்தை, ஒரு சாண் அளவுள்ள லினோலியத் துண்டின் வாயிலாக, எழுபது வயதைக் கடந்த மூதாட்டியார் ஒருவர் நமக்கு உணர்த்தினார். அதனை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கோலாலம்பூரை அடுத்த பகுதியொன்றில், இலாபம் கருதாத ஒரு சிறு கலைச் சங்கத்தில் நாம் கணக்கெழுதும் பணியை மேற்கொண்டிருக்கிறோம். சங்கம் சிறிதாயினும் நோக்கம் பெரிது. அடுக்குமாடி வீடுகளில் வாழும் ஏழை மக்களின் நடுவே சென்று, சிறுவர்க்கு நாடகமும், மாதர்க்குச் சித்திரமும், முதியோர்க்குப் பாட்டும் பழக்குவது அதன் தொண்டு. நம் தொண்டோ வேறு. வண்ணக் குப்பி எத்தனை, தாள் எத்தனை, தேநீர்ச் செலவு எவ்வளவு, வந்தோர் தொகை எவ்வளவு என்று பேரேட்டில் பதிவதும், கொடையாளர்க்கு ஆண்டறிக்கை வரைவதும் நம் கடன். கலை நடக்கும் கூடத்துக்கும் நம் மேசைக்கும் இடையே ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. பல ஆண்டுகளாக அக்கதவின் இப்பக்கமே நம் இடமாயிருந்தது. அது குறித்து நாம் வருந்தியதும் இல்லை. அடுப்புக்கு விறகு தள்ளுகிறவனுக்கும் விருந்தில் பங்கு உண்டல்லவா?

சென்ற ஆண்டு, முதியோருக்கென்று அச்சோவிய வகுப்பொன்று ஏற்பாடாயிற்று. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். பெயர் கொடுத்தவர் 12 பேர். அவருள் பெரும்பாலோர் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டுத் தொழில் செய்தவர்கள். தோட்டங்கள் விற்கப்பட்டு வீட்டுமனைகள் ஆனபோது, லயங்களை விட்டு அடுக்குமாடிகளில் வந்து குடியேறியவர்கள். கற்பிக்க வந்தவர் ஒரு சீன இளநங்கை. அவர் தமிழறியார், ஆதலின் பாடம் மலாய் மொழியில் நடப்பதாயிற்று. முதல் நாளன்று பதினொருவரே வந்தனர். பன்னிரண்டாமவர் நோயுற்று மருத்துவமனை சேர்ந்திருந்தார்.

ஆசிரியை கண்ணாடிக் கதவைத் திறந்து நம்மிடம் வந்தார். ஒவ்வொருவரும் தம் ஓவியத்தில் பன்னிரண்டு படிகள் எடுத்து, ஒன்றைத் தாம் வைத்துக்கொண்டு மற்றவற்றை வகுப்பினர்க்கு வழங்குவது திட்டம் என்றும், வகுப்பு முடியும்போது 144 படிகள் உருவாகி, ஒவ்வொருவர் வீட்டிலும் பன்னிருவர் ஓவியமும் இருக்கும் என்றும் விளக்கினார். ஓர் ஆள் குறைந்தால் கணக்கு இடிக்கிறது, நீங்கள் கணக்கர் அல்லவா என்று கேட்டார். வேறு எச்சொல் சொல்லி அழைத்திருந்தாலும் நாம் எழுந்திருக்க மாட்டோம். கணக்கு இடிக்கிறது என்றபின் இருக்கையில் இருப்பது எங்ஙனம்? எழுந்து சென்றோம்.

மேசையில் நம் முன்னர் ஒரு லினோலியத் துண்டும் மரப்பிடியிட்ட ஒரு செதுக்குளியும் இருந்தன. லினோலியம் என்பது ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் இறுகச் செய்து, தக்கைத்தூளும் பிசினும் கலந்து, சணல் துணியின்மேல் பரப்பி உண்டாக்கும் பண்டம். 1860-களில் இங்கிலாந்தில் பிரெடெரிக் வால்ட்டன் என்பவர் இதனைத் தரைவிரிப்பாகவே கண்டுபிடித்தார். மரத்தைப்போல இதற்கு நாரோட்டம் இல்லாமையால் உளி எப்பக்கமும் தடையின்றிச் செல்லும். அதனைக் கண்ட ஓவியர்கள், காலால் மிதிக்கும் பொருளைக் கைக்கு எடுத்துக்கொண்டனர்.

செய்முறை எளிது. எவ்விடம் வெண்மையாக வேண்டுமோ அவ்விடத்தைச் செதுக்கி நீக்க வேண்டும். கருமையாக வேண்டிய இடத்தைத் தொடாது விட வேண்டும். பின்னர் உருளையால் மை பூசினால் மேடான இடங்கள் மட்டுமே மையேற்கும். அதன்மேல் தாளை விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்து உரித்தெடுத்தால் ஓவியம் தாளில் பதிந்திருக்கும். வலம் இடமாகவும் இடம் வலமாகவும் மாறிப் பதிந்திருக்கும். தூரிகை பிடிப்பவன் சேர்க்கிறான். உளி பிடிப்பவன் கழிக்கிறான். தூரிகை தீட்டியதன்மேல் மற்றொரு வண்ணம் பூசலாம். உளி கழித்ததை மீண்டும் கூட்ட இயலாது. வரவும் செலவும் எழுதிப் பழகிய நமக்கு இந்நியதி உடனே விளங்கிற்று. செலவு மட்டுமே எழுதப்படும் ஏடு இது, மிச்சமே ஓவியம்.

நியதி விளங்கிற்றேயன்றி, உளியை எடுக்கக் கை எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நம் அன்னையார் பால்வெட்டுத் தொழிலாளி. நாம் பிறந்தது தோட்டத்து லயத்தில். அன்னையார் வைகறை நான்கு மணிக்கு எழுந்து, சோறு பொங்கி வைத்து, பெரட்டில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் போய்விடுவார். நண்பகலுக்குப்பின் நாம் பள்ளியிலிருந்து திரும்பும்போது, லயத்து வாசலில் கழுவிக் கவிழ்த்த வாளி இருந்தால் அன்னையார் வந்துவிட்டார் என்று பொருள். அவருடைய உளி எறவாணத்தில் செருகியிருக்கும். அதனைத் தொட நமக்கு அனுமதி கிடையாது. அதன் கூர்மைக்கு அஞ்சி மட்டும் அன்று. "என் கை உளி பிடித்தது போதும், உன் கை பேனாதான் பிடிக்க வேண்டும்" என்பது அவர் அன்றாடம் ஓதிய மந்திரம்.

1990-களில் தோட்டம் கைமாறி, குடும்பம் வெளியேறிய நாளில், அம்மிக்கல்லைக்கூட வண்டியில் ஏற்றிய அன்னையார், உளியை மட்டும் எறவாணத்திலேயே விட்டுவிட்டார். மறந்து விட்டதன்று, ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டே வந்தார். நாமும் அவர் விரும்பியவாறே பேனா பிடித்தோம். இப்போது அவர் இல்லை. அவர் வேண்டாமென்று விட்டுவந்த கருவியின் இனத்தைச் சேர்ந்த ஒன்று, சற்றும் எதிர்பாராத வகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நம் முன் கிடந்தது. அதைத் தொடுவது அவர் சொல்லைத் தட்டுவதாகுமோ என்ற ஐயம் எழுந்தது. இது சிறுபிள்ளைத்தனம் என்று சிலர் எண்ணலாம். அத்தகைய தாயின் நிழலில் வளர்ந்தார் அங்ஙனம் எண்ணார்.

நம் அருகில் அமர்ந்திருந்த மூதாட்டியாருக்கு இத்தகைய தயக்கம் ஏதும் இல்லை. உளியை எடுத்தார், கட்டைவிரலால் அதன் வாயைத் தடவினார், முகம் சுளித்தார். "இது மொன்னை. தீட்டுகிற கல் இருந்தால் கேட்டு வாங்குங்கள், தம்பி" என்றார். ஆசிரியை சாணைக்கல்லைக் கொணர்ந்து கொடுத்தார். மூதாட்டியார் அதில் இரண்டு சொட்டு நீர் விட்டு, தம் உளியை மட்டுமன்றிப் பன்னிரண்டு உளிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தீட்டி வைத்தார். மழுங்கிய உளியே வழுக்கிக் கையைக் குத்தும், கூரிய உளி சொன்ன இடத்தில் நிற்கும் என்பது இக்கலையின் முதற் பாடம். அப்பாடத்தை ஆசிரியை வாய் திறந்து சொல்லுமுன்னரே அவர் செய்து முடித்திருந்தார்.

பின்பு செதுக்கத் தொடங்கினார். "அந்த உளியை இழுக்க வேண்டும், இந்த உளியைத் தள்ள வேண்டும். ஆழம் ஒன்றுதான்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். நம் கை மேசைமேல் வாளா கிடப்பதைக் கண்டு, "எடுங்கள், தம்பி. அழுத்த வேண்டாம். பட்டை நமக்கு; மரம் மரத்துக்கு" என்றார்.

நாம் எடுத்தோம்.

அவர் சொன்ன அச்சிறு வாக்கியத்தில் ஒரு முழுச் சாத்திரமே அடங்கியிருக்கிறது. ரப்பர் மரத்தின் பால் கட்டையில் இல்லை. பட்டையில் ஓடும் நுண்குழாய்களில் இருக்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மிக மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. மரம் பருப்பதும், சீவிய பட்டை மீண்டும் தழைப்பதும் அப்படலத்தாலேயே நிகழ்கின்றன. பால் நன்கு வடிய வேண்டுமானால் உளி அப்படலத்துக்கு மிக அருகிற் செல்ல வேண்டும்; ஆனால் அதனைத் தொடலாகாது. தொட்டால் மரம் புண்பட்டு முண்டும் முடிச்சுமாகும். பின்னர் அவ்விடத்தில் செவ்வையாக வெட்ட இயலாது. ஒரு வெட்டுக்குச் சீவ வேண்டிய பட்டை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரிய வேண்டும். பாற்குழாய்கள் சற்றே சாய்ந்து செல்வதால், அச்சரிவே மிகுதியான குழாய்களை அறுக்கும். வெயில் ஏறினால் பாலோட்டம் குறையும். ஆகவே, இவையனைத்தையும் விடியற்பொழுதின் இருளில், நெற்றி விளக்கின் ஒளியில் தொடங்கி, நாளொன்றுக்கு 400, 500 மரங்களில் செய்து முடிக்க வேண்டும்.

22 ரப்பர்க் கன்றுகள் 1877-ல் சிங்கப்பூருக்கு வந்தன. 1888 முதல் அங்கிருந்த தாவரத் தோட்டத்தின் தலைவராய் விளங்கிய ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பட்டையை மட்டும் சிறிது சிறிதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை அந்நூற்றாண்டின் இறுதியில் வகுத்தார். அவர் பெயர் நூல்களில் நிலைபெற்றது, நிலைபெறுதல் தக்கதே. ஆனால் அம்முறையைப் பெருந்தோட்டங்களில் நாள்தோறும் நடத்திக் காட்டிய கைகளில் பெரும்பாலானவை தமிழர் கைகள். 1980-களின் இறுதிவரை உலகிலேயே மிகுதியான இயற்கை ரப்பரை விளைவித்த நாடு மலேசியா. அப்பெருமையின் அடியில், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தை இருளில் அளந்த விரல்கள் உள்ளன. உலகம் அவ்வேலைக்கு இட்ட பெயர் யாது? திறன் வேண்டாத உழைப்பு என்பதே. படிவங்களிலும் அறிக்கைகளிலும் இப்பெயர் இன்றும் வழங்குகிறது. கணக்கெழுதும் நாம் அதனைக் காணாத மாதமில்லை.

மூதாட்டியாரின் ஓவியத்துக்கு வருவோம். வகுப்பினர் பலரும், வெண்தாளில் கரிக்கோடு போடுவது போலவே எண்ணி, வரைந்த கோட்டைச் சுற்றியுள்ள இடமெல்லாம் செதுக்கி எடுத்தனர். பூவும், மயிலும், கோபுரமும் அங்ஙனம் உருவாயின, அவையும் அழகியவையே. மூதாட்டியாரோ துண்டின் பெரும்பகுதியைத் தொடவே இல்லை. நடுவில் ஒரு சிறு வட்டம். அதினின்று விரியும் சில கீறல்கள். அக்கீறல்கள் சென்று பட்ட இடத்தில் ஒரு மரத்தின் ஒருபக்கப் பட்டை. பட்டையில் ஒரு சரிந்த கோடு. கோட்டின் அடியில் ஒரு மங்கு. அவ்வளவே.

மூன்றாம் ஞாயிறன்று முதற்படியை உரித்தெடுத்தபோது கூடத்தில் பேச்சடங்கியது. தாள் முழுதும் இருள். நடுவே ஒரு நெற்றி விளக்கு. முப்பதாண்டுக் காலம் விடியல்தோறும் அவர் கண்ட உலகம் அது. இருள் முன்னமே இருந்தது. ஒளி அவர் சென்ற இடத்துக்கு மட்டும் உடன் சென்றது. அச்சோவியத்தின் தத்துவமும் இதுவன்றோ? கருமை முன்னரே உள்ளது. கை செதுக்குவது ஒளியை. கல்லூரியில் இரண்டாண்டு பயின்ற பின்னரே தாம் இதை உணர்ந்ததாக ஆசிரியை கூறினார். மூதாட்டியார் அதைக் கேட்டு, புரிந்தும் புரியாதவர்போல், தாளைச் சற்றே தள்ளிப் பிடித்து, மங்கு கொஞ்சம் சிறிதாகிவிட்டது என்று குறைபட்டுக்கொண்டார்.

நாம் செதுக்கியது லயத்து வாசலும் அதில் கவிழ்த்த வாளியும். வாளி வாசலின் வலப்பக்கம் இருப்பது வழக்கம். வலம் இடமாக மாறும் என்பதை அறிந்தே, நினைவில் உள்ளபடி வலப்பக்கத்திலேயே செதுக்கினோம். தாளில் அது இடப்பக்கம் வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று தோன்றிற்று. வெளியிலிருந்து வருகிற பிள்ளைக்குத்தான் வாளி வலப்பக்கம். வீட்டினுள்ளே நின்று வாசலை நோக்குகிறவர்க்கு அது இடப்பக்கமே. வேலை முடிந்து வந்து, பிள்ளையின் வரவை எதிர்நோக்கி உள்ளே நின்றவர் கண்ட காட்சி அது. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவ்வாசலை அன்னையார் நின்ற இடத்திலிருந்து நாம் பார்த்ததில்லை. அச்சு அப்படிக் காட்டிற்று.

அச்சோவியத்தின் மற்றொரு சிறப்பு, படிகள் பலவாயினும் அனைத்தும் மூலமாவதே. பன்னிரண்டனுள் ஒன்று உயர்ந்தது, மற்றது போலி என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. 868-ல் சீன நாட்டில் மரப்பலகையால் அச்சான வச்சிர சூத்திரம் முதல், இக்கலை பலர் கைக்குச் செல்வதற்கென்றே வளர்ந்தது. 1931 ஆகஸ்டில் எழுத்தாளர் லூ சுன், ஷாங்காய் நகரில் 13 இளைஞர்களைக் கூட்டி, உச்சியாமா கக்கிச்சி என்ற ஜப்பானிய ஆசிரியரைக் கொண்டு ஆறு நாள் மரச்செதுக்கு வகுப்பு நடத்தினார். தாமே மொழிபெயர்ப்பாளராகவும் நின்றார். எழுத்தறியாத மக்களிடத்தும் செல்லத்தக்க கலை இதுவென்று அவர் கருதினார். பொறி வேண்டாம், பொருள் வேண்டாம், ஒரு பலகையும் உளியும் மையும் போதும்.

அவ்வலை நம் கரைக்கும் வந்தது. 1950-களிலும் 60-களிலும் சிங்கப்பூரின் சீன ஓவியர்கள் வேலைநிறுத்தத்தையும், தெருவோர வாழ்வையும், குடிசை மக்களின் துயரையும் மரத்தில் செதுக்கினர். 1961-ல் புக்கிட் ஹோ சுவீ குடியிருப்பு தீக்கிரையாகி, ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அத்தீக்குப்பின் எஞ்சிய கோலத்தை லிம் இயூ குவான் 1966-ல் மரச்செதுக்காக வடித்தார். அவ்வாண்டிலேயே அவரும் ஏனைய ஐவருமாக அறுவர் சேர்ந்து மரச்செதுக்குக் கண்காட்சி ஒன்றும் நடத்தினர். நம் காலத்தில், சபா மாநிலத்து ரானாவ் வட்டாரத்தில் 2010-ல் தோன்றிய பங்ரோக் சுலாப் என்ற குழுவினர், கிராம மக்களின் கதைகளைப் பெரும் பலகைகளில் செதுக்கி, துணியை விரித்து, இசைக்கேற்ப அதன்மேல் கூடி ஆடி மிதித்தே அச்செடுக்கின்றனர். வாங்காதே, நீயே செய் என்பது அவர்களது முழக்கம். இவ்வரலாற்றின் ஓரத்தில், அடுக்குமாடியொன்றின் கீழ்த்தளக் கூடத்தில், நம் பதினொரு முதியோரும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அமர்ந்திருந்தனர் என்பதை எழுதி வைப்பது நம் கடமையாகிறது.

இறுதி ஞாயிறன்று படிகளுக்கு எண்ணிட்டோம். 1/12, 2/12 என்று பென்சிலால் ஓரத்தில் எழுதி, கையெழுத்திடுவது மரபு. மூதாட்டியார் எழுத்தறியார். தோட்டத்தில் சம்பள நாளன்று பெருவிரலில் மை தடவிக் கைநாட்டு வைத்தவர். கைநாட்டு என்ற சொல் நம்மிடையே ஒரு வசையாகவே வழங்குவதை அன்பர்கள் அறிவர். அவர் தயங்காமல் மைப்பலகையில் பெருவிரலை ஒற்றி, பன்னிரண்டு தாள்களின் ஓரத்திலும் பதித்தார். ஆசிரியை அதனைக் கூர்ந்து நோக்கி, எல்லாரையும் அழைத்துக் காட்டினார். விரலின் மேடுகள் மையேற்கின்றன, பள்ளங்கள் வெண்மையாகின்றன. செதுக்கிய துண்டுக்கும் விரலுக்கும் முறை ஒன்றே. அவ்விரல் ரேகைகளின் குறுக்கே ஒரு வெண்கோடு ஓடியது. என்றோ தோட்டத்து உளி பட்ட தழும்பு அது. பன்னிரண்டு படிகளிலும் அக்கோடு பிசகாமல் பதிந்திருந்தது.

மை கழுவும் வேளையில் நாம் அவரிடம், தம் மக்களை உளி பிடிக்க அவர் விட்டதுண்டா என்று கேட்டோம். "விடவில்லை, தம்பி. விட்டிருந்தால் அவர்களும் அந்த நிரையிலேயே நின்றிருப்பார்கள். மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையென்றால் கூலியில்லை. அந்தப் பிழைப்பு அவர்களுக்கு எதற்கு?" என்றார். சற்று நேரம் கழித்து, கையைத் துடைத்துக்கொண்டே, "ஆனால் ஒன்று. வெட்டு சுத்தமாக விழுந்து, பால் கோட்டோடு கோடாக ஓடி மங்கில் இறங்குகிற நாளில் மனத்துக்கு ஒரு நிறைவு இருக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை" என்றார்.

அன்னையாரின் சொல்லுக்கு உரை எழுதக் கிடைத்தது போலிருந்தது. அவர் நம்மை விலக்கியது அடிமைப் பிழைப்பினின்று. அதில் அவர் செய்தது முழுதும் சரியே. அப்பிழைப்புக்கு எவரும் திரும்புதல் வேண்டாம். அதனைப் பொற்காலம் என்று பாடுவாரையும் நாம் நம்ப வேண்டாம். ஆனால் பிழைப்பு வேறு. அதற்குள் இருந்த வித்தை வேறு. வறுமையின் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தபோது, வித்தையும் உள்ளேயே தங்கிவிட்டது. படித்துப் பட்டம் பெற்று மேசைக்கு வந்த நம் தலைமுறை, தாய் தந்தையரின் வறுமையை அறியும். அவர்தம் திறமையை அறியாது. அன்னையார் எறவாணத்தை நிமிர்ந்து பார்த்த அந்தக் கணத்தில் அவர் நெஞ்சில் என்ன இருந்தது என்பதை இனிக் கேட்டறிய வழியில்லை. உளியை நாம் எடுத்ததற்கு அவர் சினந்திருக்க மாட்டார் என்று மட்டும் நம்புகிறோம்.

எங்கள் சங்கத்தின் படிவத்தில், முன்னர்க் கலைப் பயிற்சி உண்டா என்றொரு கேள்வி இருக்கிறது. அவ்வகுப்பின் பதினொருவரும் அதற்கு இல்லை என்றே விடையளித்திருந்தனர். இவ்வாண்டு சங்கத்தாரிடம் பேசி அதன் கீழ் மற்றொரு கேள்வியைச் சேர்த்திருக்கிறோம்: உங்கள் கை என்னென்ன கருவிகளைப் பழகியிருக்கிறது? அடுத்த வகுப்புக்கு வந்த முதற் படிவங்கள் இப்போது நம் மேசைமேல் இருக்கின்றன. பாலுளி, தையல் ஊசி, கொல்லுலைச் சுத்தியல், முறம், மீன் செதிலரியும் கத்தி, பூத்தொடுக்கும் நார் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்க்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சிலர் இடம் போதாமல் தாளின் பின்புறத்திலும் எழுதியிருக்கிறார்கள்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் தோட்டத்தையோ, பட்டறையையோ, துறைமுகத்தையோ கண்ட முதியவர் ஒருவர் இருக்கலாம். பட்ட துன்பத்தைக் கேட்பதோடு நில்லாமல், அவர் கற்ற வித்தையையும் கேளுங்கள். கருவியை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது, எங்கே நிறுத்துவது என்று கேளுங்கள். அவர் இருக்கும்போதே கேளுங்கள்.